டிஸ்க் மாற்றிக்கொள்ள வந்த லீவு

லண்டனில் பதினோரு வருடமாகப் பஸ் ஓட்டுகிறேன். இடுப்பின் கடைசி டிஸ்க், எல்5-எஸ்1, தேய்ந்துவிட்டது. ஊர்ப்பேச்சில் ‘ஜவ்வு தேஞ்சுபோச்சு’. அங்கே அரசு மருத்துவத்தில் செயற்கை டிஸ்க் கேட்டால் கிடைக்காது. இடுப்பு வலிக்கு அதைச் செய்ய வேண்டாம் என்றே 2016-இல் வந்த நைஸ் (எந்த சிகிச்சை தரலாம் என்று சொல்லும் அரசு அமைப்பு) வழிகாட்டுதல் சொல்கிறது. சரி, மதுரையில் போட்டுக்கொள்ளலாம் என்று 24 நாள் லீவில் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம் வந்தேன்.

மதுரைக்கு விமானத்தில் வந்து அங்கிருந்து கார் பிடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு வேகத்தடையும் இடுப்பில்தான் ஏறி இறங்கும். அதனால் சென்னையில் இறங்கி, ராத்திரி ரயிலில் கீழ் பெர்த் போட்டேன். போன முறை வந்தபோது பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியிருந்தார்கள். மண்டபத்தில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்துவிட்டதால் இந்த முறை படுத்தபடியே தீவுக்குள் வந்து சேர்ந்தேன். முதுகுவலிக்காரனுக்கு இதைவிடப் பெரிய வசதி வேண்டாம்.

ராமநாதபுரத்தில் எம்ஆர்ஐ காலையில் கேட்டேன், சாயங்காலம் எடுத்துவிட்டார்கள். லண்டனில் இதற்கே நாலு மாதம் காத்திருந்தேன். பெஞ்சில் பக்கத்தில் ஒரு அக்கா, கடல்பாசி எடுப்பவர். என் கையிலிருந்த பழைய ஃபிலிம் கவரைப் பார்த்துவிட்டு, “உனக்கும் ஜவ்வா தம்பி?” என்றார். அவருக்குக் கால் வரை இழுக்கும் வலி. ஆபரேஷனா என்று கேட்டேன். “பாசி சீசன் முடியட்டும், பார்ப்போம்” என்றார்.

மதுரையில் முதலில் போன மருத்துவமனையில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ‘பேக்கேஜ்’ வந்துவிட்டது. ஐந்து இரவு ஏசி அறை, விமான நிலையம் வரை வண்டி, எல்லாம் சேர்த்து ஒரு தொகை. “வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்கு டைம் இருக்காதுல்ல சார், வியாழக்கிழமை அட்மிட் ஆயிடுங்க” என்றார் அதைக் கொடுத்த பெண். டாக்டர் ஃபிலிமைப் பார்த்த நேரம் ஒரு டீ ஆறும் நேரம்கூட இருக்காது. என்னைக் குனியவும் சொல்லவில்லை, நிமிரவும் சொல்லவில்லை. எலும்பின் அடர்த்தியைப் பார்க்க வேண்டாமா என்று நானே கேட்டதற்கு, “வயசு 46தானே” என்றார்.

இரண்டாவது டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னார். குனிய வைத்தார், பின்னால் வளைய வைத்தார், எப்போது அதிகம் வலிக்கிறது என்று கேட்டார். பின்னால் வளையும்போது வலித்தால் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் ஃபேசட் மூட்டுகளும் தேய்ந்திருக்கலாமாம். செயற்கை டிஸ்க் அசைவை விட்டுவைக்கும், தேய்ந்த மூட்டும் சேர்ந்து அசைந்துகொண்டே இருக்கும், வலி போகாது. எலும்பு பலவீனமாக இருந்தால் செயற்கை டிஸ்க்கின் தட்டு எலும்புக்குள் இறங்கிவிடும். முள்ளெலும்பு ஒன்றின்மேல் ஒன்று நழுவியிருந்தாலும் கூடாது. குனிந்தும் வளைந்தும் எக்ஸ்ரே, எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகுதான் வாயைத் திறந்தார்: “போடலாம். போட்டே ஆகணும்னு இல்லை.”

மாடல் ஒன்றைக் கையில் கொடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னது. மேலும் கீழும் உலோகத் தட்டு, நடுவில் வெள்ளையாக ஒரு பாலிஎத்திலீன் துண்டு. இதை முதுகு வழியாக வைக்க மாட்டார்கள், வயிற்றைத் திறந்து, காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களை ஒதுக்கித்தான் வைக்க வேண்டும். பக்கத்தில் ரத்தக்குழாய் சர்ஜன் ஒருவரும் நிற்க வேண்டும். “இன்னும் பிள்ளை வேணும்னு எண்ணம் இருக்கா?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அந்த இடத்து நரம்பில் பட்டால் விந்து வெளியே வராமல் பின்பக்கம் போய்விடலாமாம். பேக்கேஜ் போட்டுக் கொடுத்த இடத்தில் இந்தப் பேச்சே வரவில்லை.

ஒருவேளை பிற்பாடு அதை எடுக்க வேண்டி வந்தால்? அதே வழியில் மறுபடி போக வேண்டும். முதல் தழும்பில் ரத்தக்குழாய்கள் ஒட்டியிருக்கும், இரண்டாம் தடவைதான் ஆபத்து என்றார்.

வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் சொன்னேன். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். இந்த டிஸ்க்கின் கதையையும் சொன்னேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வாங்கிய காரின் யான்ஸ் பின்னால் எலும்பு டாக்டராகி, 1980-களில் பெர்லினில் இன்னொரு டாக்டருடன் சேர்ந்து உருவாக்கிய ‘ஷாரிட்டே’ என்ற இடுப்பு டிஸ்க்தான் 2004-இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி வாங்கியது. இப்போது அது விற்பனையில் இல்லை, வேறு மாடல்கள் வந்துவிட்டன. சித்தப்பா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “ஏன்டா, எஞ்சின் மாட்டுனவன் மதுரையில, படகு லண்டன்ல. அஞ்சு வருசம் கழிச்சுக் கடல்ல நின்னா யாருக்கு போன் போடுவ?”

என் கேள்வியும் அதுதான், எனக்குத்தான் அப்படிக் கேட்கத் தெரியவில்லை. போட்ட கை ஒரு நாட்டில், வலி வந்தால் போய் நிற்க வேண்டிய கதவு இன்னொரு நாட்டில். அங்கே இருப்பவர்களோ இதைப் போடவே வேண்டாம் என்பவர்கள். 24 நாள் லீவில் ஆபரேஷன், புண் ஆறுவது, பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்வது எல்லாம் அடங்காது. அந்த இரண்டாவது டாக்டரே அடுத்த வருடம் மூன்று மாதமாக வாருங்கள், அதற்குள் வலி எப்படி என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார்: சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்படாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ அடுத்த வருடம் என்று இருக்கக் கூடாது, எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மிச்ச நாளெல்லாம் ராமநாதபுரத்தில் ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம், வயிற்றுத் தசைக்கும் பிட்டத்துக்கும்தான் வேலை, முதுகை அந்தப் பையன் தொடவே இல்லை. மூன்றாவது வாரம் தங்கச்சிமடம் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்தேன். வலி இருந்தது, ஆனால் வழியில் எங்கும் உட்காரவில்லை. திரும்பும் டிக்கெட்டிலும் கீழ் பெர்த்தே போட்டிருக்கிறேன்.