பித்தவெடிப்புக்கு மின் தேய்ப்பான்: தில்லிக் குளிரில் ஒரு மதிப்பீடு

தில்லியில் மார்கழி பிறந்ததும் மருந்துக்கடைகளின் முன்வரிசைக்கு வந்துவிடும் பொருள்களில், குதிகாலில் தடித்துப்போன தோலைத் தேய்த்தெடுக்கும் மின்கருவியும் இப்போது ஒன்று. கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் பிடி, அதன் முனையில் சொரசொரப்பான சிறு உருளை, இரண்டு வேகங்கள், செல்பேசி சார்ஜரிலேயே ஏறிக்கொள்ளும் பேட்டரி என்று, பெயர்கள் வேறானாலும் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவைதாம். மயூர் விகார் கடையொன்றில் 900 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக நான் வாங்கியதும் அப்படிப்பட்டதே. என் பாதங்களிலும், குளிர்காலத்தை எங்களோடு கழிக்கக் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் மாமியாரின் பாதங்களிலும் அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கருவி தன் வேலையை ஒழுங்காகவே செய்கிறது. பாதத்தை ஊறவைக்காமல், நன்றாக உலர்ந்திருக்கும்போதுதான் இதை ஓட்ட வேண்டும். ஈரத்தோல் குழைந்து உருளையில் அப்பிக்கொள்வதோடு, செத்த தோல் எங்கே முடிகிறது, உயிருள்ள தோல் எங்கே தொடங்குகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஓரிடத்தில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தால், கோலமாவு போல வெண்பொடி உதிர்கிறது. கீழே செய்தித்தாள் விரிக்காமல் உட்கார்ந்தால் அந்தப் பொடி பாய், போர்வை என்று எல்லாவற்றிலும் படிந்துவிடும். வேகமாக முடிக்கலாம் என்று அழுத்தினால் உருளை சுழலாமல் நின்றுவிடுகிறது. முதலில் இதைக் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அளவுக்கு மீறித் தேயாமல் காப்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம், அது பாராட்டத்தக்கது.

கரோல் பாகிலோ எந்த வாரச் சந்தையிலோ 'ஜான்வா' என்று கேட்டால் 50 ரூபாய்க்குள் கிடைக்கும் தேய்ப்புக்கல் இதே வேலையைச் செய்யாதா என்றால், செய்யும். ஆனால் கல்லுக்கு ஈரத்தோல் வேண்டும். வெப்பநிலை ஐந்து டிகிரிக்கு இறங்கும் காலையில் வாளியில் கால் ஊறவைத்து, குளியலறைத் தரையில் குனிந்து தேய்ப்பதைப் பலரும் நாளைக்கு நாளைக்கென்று தள்ளிப்போடுவது இயல்பு. மின்கருவியையோ மதிய வெயில் விழும் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே ஓட்டலாம். என் கணக்கில் இதன் மிகப் பெரிய நன்மை இதுதான். பெட்டியின் மேல் எங்கும் இதை எழுதியிருக்கவில்லை.

இருந்தாலும் தோலைத் தேய்ப்பது வேறு, வெடிப்பை ஆற்றுவது வேறு. உள்ளங்காலின் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. உடம்பிலேயே மிகத் தடித்த மேல்தோலும் அங்கேதான். தில்லியில் வெளியே பனிமூட்டம் அடர்ந்திருந்தாலும் குளிர்ந்த காற்று தாங்கக்கூடிய நீராவி மிகக் குறைவு. அதே காற்றை அறைக்குள் ஹீட்டர் வைத்துச் சூடாக்கும்போது அது வறண்டு, அகப்பட்ட இடத்திலிருந்தெல்லாம் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. கீசரில் கொதிக்கக் கொதிக்கப் பிடித்த தண்ணீர் இருக்கிற கொஞ்சநஞ்ச பசையையும் கழுவிவிடுகிறது. அதன்பின் பின்புறம் திறந்த செருப்போடு நடந்தால், ஒவ்வோர் அடிக்கும் குதிகாலின் கொழுப்புத் திண்டு பக்கவாட்டில் பிதுங்குகிறது. விரிந்துகொடுக்க முடியாத காய்ந்த ஓரம் பிளந்துகொள்கிறது. ஆர்.கே. புரத்து முருகன் கோயிலான மலை மந்திரில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சில்லென்ற கல்படியில் ஏறியவர்களுக்கு அந்தப் பிளவின் வலி எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கருவி செய்வது பாதி வேலைதான். மீதியைச் செய்வது மருந்துக்கடையில் கிடைக்கும் யூரியா களிம்பு. 10 சதவீத யூரியா ஈரத்தைப் பிடித்துவைக்கும். 20 சதவீதமும் அதற்கு மேலும் ஆனால் தடித்த தோலையே இளக்கிவிடும். இரவில் பாதத்தைக் கழுவி, ஈரம் முழுதும் காய்வதற்குள் அதைத் தடவி, மேலே பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுத்தால், இரண்டு வாரத்தில் வித்தியாசம் கைக்கே தெரியும். திறந்த வெடிப்பில் பட்டால் எரியும் என்பதால் ஓரங்களில் மட்டும் தடவி, வெடிப்புக்குள் வாசலின் வைப்பது நல்லது. மாமியார் வழக்கமாகப் பூசும் விளக்கெண்ணெயும் மஞ்சளும் ஈரம் போகாமல் மூடிவைக்கும் என்ற அளவில் பயனுடையவைதாம். தடித்த தோலை அவை இளக்குவதில்லை, காலுறை மட்டும் மஞ்சளாகிவிடுகிறது.

"ஏம்மா, காலைத் தேய்க்கக்கூடக் கரண்டு வேணுமா?" என்று சிரித்த அதே மாமியார், ஒரு பக்கம் வழவழப்பானதும் மற்ற காலைத் தாமாகவே நீட்டினார். நான் குறையாகக் கருதுவது வெளிப்பட்டதும் அப்போதுதான். முழங்கால் வலியால் குனிந்து கல்லைத் தேய்க்க முடியாத முதியவர்களே இக்கருவிக்கு உரியவர்கள் என்று விளம்பரம் பார்த்து நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பிடி ஒரு சாண்கூட இல்லை. தம் குதிகாலுக்குக் கை எட்டாதவருக்கு இந்தக் கருவியும் எட்டாது. வேறொருவர்தான் எதிரே உட்கார்ந்து தேய்த்துவிட வேண்டும். பிடியை இரு மடங்கு நீளமாக்க என்ன பெரிய செலவாகிவிடும் என்று தெரியவில்லை.

மாமியாருக்குச் சர்க்கரை நோய் இல்லை என்பதால்தான் நான் துணிந்தேன். மாமனாருக்கு உண்டு; அவர் கேட்டும் கொடுக்கவில்லை. நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களின் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கக்கூடும். தோல் தேய்ந்து புண்ணாவது அவர்களுக்கு வலியாகத் தெரியாது, அந்தப் புண் எளிதில் ஆறவும் செய்யாது. கருவி, கல், பிளேடு, சாலிசிலிக் அமிலம் வைத்த கால் ஆணிப் பட்டை ஆகிய எதுவாக இருந்தாலும் அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கால் ஆணிக்கு மற்றவர்களும் இந்தக் கருவியை நம்ப வேண்டாம். அதன் முளை உள்நோக்கி இறங்கியிருப்பதால் மேலே தேய்ப்பது பயன்தராது, அழுத்தும் செருப்பை மாற்றினால்தான் அது அடங்கும். இரத்தம் கசியும் வெடிப்பின் மேல் உருளையை வைக்கவே கூடாது. உள்ளங்கால் முழுவதும் மாவுபோல் செதில் உதிர்ந்து, விரலிடுக்கில் அரிப்பும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதைத் தேய்ப்பது வீண்.

தொற்று ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாமலிருக்க ஆளுக்கொரு உருளை வைத்துக்கொள்வது அவசியம். சொரசொரப்பு மழுங்கியதும் அதை மாற்றவும் வேண்டும். என் பெட்டியில் கூடுதலாக ஒன்றே ஒன்று இருந்தது. அது மாமியாருக்குப் போனபின் இன்னொன்று கேட்டு அதே கடைக்குச் சென்றபோது, உருளையைத் தனியாக விற்பதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வேறு நிறுவனத்தின் உருளையோ இந்தப் பிடியில் பொருந்தவில்லை. எனவே பணத்தை எடுக்கும் முன்பே மாற்று உருளை இருக்கிறதா, என்ன விலை என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்று சொன்னால் களிம்பையும் ஒரு தேய்ப்புக்கல்லையும் வாங்கிக்கொண்டு திரும்பலாம். மீதமாகும் பணத்தில் குதிகாலை மூடும் நல்ல செருப்பு ஒன்றும் வாங்கிவிடலாம்.