கப்பல் இன்ஜின்: 2 ஸ்ட்ரோக்கா, 4 ஸ்ட்ரோக்கா?

குன்னூர் ஸ்டேஷனில் மேட்டுப்பாளையம் வண்டி வந்து நின்றதும் ஊட்டிக்குப் போகிறவர்கள் டீக்கடையைத் தேடுவார்கள். நான் பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போய் இன்ஜின் மாற்றுவதைப் பார்ப்பேன். கல்லாறிலிருந்து பல்சக்கரப் பாதையில் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளி வந்த நீராவி இன்ஜின் கழன்றுகொள்ளும். அங்கிருந்து ஊட்டிக்கு ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜின் வந்து மாட்டிக்கொள்ளும். கப்பலிலிருந்து லீவில் வந்திருந்த சமயம், அக்கா மகனையும் கூட்டிப் போயிருந்தேன். மரைன் இன்ஜினியரிங்கில் அப்போதுதான் சேர்ந்திருந்தான்.

"மாமா, பெரிய கப்பல்ல எல்லாம் இன்னும் 2 ஸ்ட்ரோக்தான் ஓடுதாமே. அது பழசு இல்லையா? ஆர்எக்ஸ் 100-ஐயே நிறுத்திட்டாங்க" என்றான்.

அவன் அப்பா ஒரு ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தார். பர்லியார் வளைவுகளில் அது ஏறுகிற வேகத்தையும், பின்னால் விடுகிற நீலப்புகையையும் பார்த்து வளர்ந்த பிள்ளை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் பைக்கின் 2 ஸ்ட்ரோக்கை வைத்துக் கப்பலின் 2 ஸ்ட்ரோக்கை எடைபோட முடியாது. பைக்கில் பெட்ரோலும் ஆயிலும் காற்றும் கலந்தே சிலிண்டருக்குள் நுழைகின்றன. பழைய புகையை வெளியே தள்ளும்போது எரியாத பெட்ரோலிலும் கொஞ்சம் சேர்ந்து போய்விடும். கப்பல் இன்ஜினில் புகையைத் தள்ளுவது வெறும் காற்று. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு மூடி, காற்று நன்றாக அழுத்தப்பட்ட பிறகுதான் எண்ணெய், அதாவது எரிபொருள், பீய்ச்சப்படும். அதனால் பைக்கில் மாதிரி எரியாத எண்ணெய் புகையோடு சேர்ந்து வெளியே போக வழியில்லை.

எண்ணிக்கையில் என்ன இருக்கிறது

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒரு முறை மேலோ கீழோ ஓடுவது ஒரு ஸ்ட்ரோக். 4 ஸ்ட்ரோக்கில் காற்றை இழுக்க ஒரு ஓட்டம், அழுத்த ஒன்று, எரிந்து தள்ள ஒன்று, புகையை வெளியேற்ற ஒன்று. பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு. 2 ஸ்ட்ரோக்கில் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. பிஸ்டன் கீழே வரும்போது லைனரின், அதாவது சிலிண்டரின் உள்சுவரின், அடிப்பகுதியில் சுற்றிலும் வெட்டியிருக்கிற துளைகள் திறக்கும். அதற்குச் சற்று முன்பே மேலே எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போசார்ஜர் அனுப்பும் காற்று கீழிருந்து சுழன்று மேலேறிப் புகையைத் துடைத்துக்கொண்டு போகும். இதைத்தான் ஸ்கேவஞ்சிங் என்கிறோம்.

சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்றால் இரட்டிப்புச் சக்தி கிடைக்க வேண்டுமே? கிடைக்காது. ஓட்டத்தின் கடைசிப் பகுதி காற்று மாற்றுவதற்கே போய்விடுகிறது. புதிய 4 ஸ்ட்ரோக்குகளில் பிஸ்டனைத் தள்ளும் சராசரி அழுத்தமும் கூடுதல்.

4 ஸ்ட்ரோக் தானே மூச்சிழுக்கும், 2 ஸ்ட்ரோக்குக்கு யாராவது ஊத வேண்டும். குறைந்த வேகத்தில் டர்போசார்ஜருக்குத் தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் கரண்ட்டில் ஓடும் ஆக்ஸிலரி புளோயர்கள்தான் காற்றைக் கொடுக்கின்றன. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் ஜெனரேட்டரை இங்கே ஓட்டியவர்களுக்கு, காற்று குறைந்தால் டீசல் இன்ஜின் எப்படித் திணறும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

என் கண்ணுக்கு உண்மையான வித்தியாசம்

இரண்டு, நான்கு என்ற எண்ணைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அதைக் காட்டத்தான் அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். நீராவி இன்ஜினின் பக்கவாட்டைப் பாருங்கள். சிலிண்டரிலிருந்து பிஸ்டன் ராட் நேராக வெளியே வரும். அதன் முனையில் ஒரு கட்டை, வழுவழுப்பான வழித்தண்டுகளை ஒட்டி முன்னும் பின்னும் போய்வரும். அந்தக் கட்டையிலிருந்துதான் கனெக்டிங் ராட் கிளம்பிச் சக்கரத்தைச் சுழற்றும். அந்தக் கட்டைதான் கிராஸ்ஹெட். அதை அப்படியே நிமிர்த்தி, ஒரு ஆள் உள்ளே உட்காரும் அளவுக்குச் சிலிண்டரைப் பெரிதாக்கினால், கப்பலின் 2 ஸ்ட்ரோக் மெயின் இன்ஜினின் எலும்புக்கூடு கண்முன் நிற்கும். இதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. நம் மலை ரயிலின் பழைய எக்ஸ் வகை இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தில் செய்தவை. கப்பல்களில் ஓடும் சுல்சர் கம்பெனி இன்ஜின்கள் பிறந்ததும் அதே ஊரில்தான்.

மாற்றி மாட்டுகிற ஒய்டிஎம்-4 நேர் எதிர். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வழி வந்த 6 சிலிண்டர் 4 ஸ்ட்ரோக். அதில் பிஸ்டன் ராடும் இல்லை, கிராஸ்ஹெட்டும் இல்லை. கனெக்டிங் ராட் பிஸ்டனுக்குள்ளேயே ஒரு பின்னில் மாட்டியிருக்கும். டிரங்க் பிஸ்டன் என்பது இதுதான். கப்பலின் ஜெனரேட்டர்கள் எல்லாம் இந்தச் சாதி.

கனெக்டிங் ராட் சாய்ந்து நிற்கும்போது பிஸ்டனைப் பக்கவாட்டில் தள்ளும். டிரங்க் பிஸ்டனில் அந்தத் தள்ளலை லைனர் சுவரே தாங்க வேண்டும். கிராஸ்ஹெட் இன்ஜினில் வழித்தகடுகள் தாங்கிக்கொள்ளும், பிஸ்டன் நேராக ஏறி இறங்கும். இதையும்விடப் பெரிய லாபம், பிஸ்டன் ராட் நேராகவே போய்வருவதால் சிலிண்டருக்கும், கீழே கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கிராங்க் கேஸுக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைக்க முடிகிறது. ராட் அந்தச் சுவரைக் கடக்கிற இடத்தில் ஸ்டஃபிங் பாக்ஸ் இருக்கும். அதன் வளையங்கள் ராடைச் சுரண்டித் துடைத்து, மேலே இருக்கும் அழுக்கைக் கீழே விடாது, கீழே இருக்கும் ஆயிலை மேலே விடாது.

அடுப்பங்கரையும் பூஜையறையும் தனித்தனியாக இருப்பது மாதிரி. கப்பல் எண்ணெயில் கந்தகம் உண்டு. எரிந்தால் அமிலமாகும். 2 ஸ்ட்ரோக்கில் அந்த அமிலத்தை அடக்கக் காரத்தன்மை மிகுந்த சிலிண்டர் ஆயிலை லைனருக்குள் தனியாக அளந்து விடுகிறோம். அது வேலையை முடித்துக் கொஞ்சம் எரிந்துபோகும், மிச்சம் அழுக்கோடு சேர்ந்து அந்தச் சுவரின் மேல் வடியும். கீழே கிராங்க் கேஸில் இருப்பது வேறு ஆயில், ஒழுங்காகச் சுத்திகரித்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். 4 ஸ்ட்ரோக்கில் ஒரே ஆயில் லைனரையும் பார்க்க வேண்டும், பேரிங்கையும் பார்க்க வேண்டும். கரியும் அமிலமும் அதிலேயே விழும். சாம்பிள் எடுப்பதும் ஊற்றுவதும் மாற்றுவதும் ஓயவே ஓயாது. மட்டமான எண்ணெயை வருடக்கணக்கில் எரிக்க வேண்டும் என்றால் இந்தச் சுவருக்கு ஈடு எதுவும் இல்லை.

சுவருக்கு மேலே சேருகிற அழுக்குக்கும் ஒரு விலை உண்டு. துறைமுகத்தில் மெயின் இன்ஜின் நின்று சூடு தணிந்ததும், அந்தச் சுவருக்கு மேலே லைனர் துளைகளைச் சுற்றி இருக்கிற ஸ்கேவஞ்ச் பெட்டிக்குள் நுழைவோம். ஆள் தவழ்ந்துதான் போக முடியும். முழங்கால், முழங்கை எல்லாம் கறுப்புக் குழம்பு. நின்ற இன்ஜினை மோட்டாரால் சுற்றும் டர்னிங் கியர் பிஸ்டனை மெல்ல இறக்க, லைனர் துளைகளின் ஜன்னலில், பிஸ்டனுக்கும் லைனருக்கும் இடையை அடைக்கிற பிஸ்டன் ரிங்குகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். டார்ச் அடித்து, மரக்குச்சியால் ரிங்கை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப எழும்பினால் உயிரோடு இருக்கிறது. அசையாமல் கிடந்தால் கரியில் சிக்கிவிட்டது என்று அர்த்தம். எந்தப் பாகத்தையும் கழற்றாமல், எட்டிப் பார்த்தே ரிங்கின் உடல்நிலையைச் சொல்லக்கூடிய வசதி 4 ஸ்ட்ரோக்கில் கிடையாது.

அந்தக் குழம்பை வழித்தெடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். நான் தேர்ட் இன்ஜினியராக இருந்தபோது நடுக்கடலில் ஒரு யூனிட்டின், அதாவது ஒரு சிலிண்டரின், எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறியது. ஸ்கேவஞ்ச் பெட்டியின் வெப்பமும் கூடவே ஏறியது. கொஞ்ச நேரத்தில் பெயின்ட் கருகும் வாசனை. வடிகால் குழாய் அடைத்து, தேங்கிய ஆயில் தீப்பிடித்திருந்தது. வேகத்தைக் குறைத்து, அந்த யூனிட்டுக்கு எண்ணெயை நிறுத்தி, சிலிண்டர் ஆயிலைக் கூட்டினோம். பெட்டி முழுதாக ஆறும்வரை கதவு அருகே யாரும் போகவில்லை. அன்றிலிருந்து வாட்ச்சில் இறங்கினால் முதலில் அந்த வடிகால்களைத்தான் தொட்டுப் பார்க்கிறேன்.

வேகமும் புரொப்பெல்லரும்

நிறைய தண்ணீரை நிதானமாகத் தள்ளுகிற பெரிய புரொப்பெல்லர்தான் எண்ணெயை மிச்சப்படுத்தும். அதற்கு நிமிடத்துக்கு 100 சுற்றை ஒட்டிய வேகம் போதும். 2 ஸ்ட்ரோக் மெயின் இன்ஜின் ஓடுவதே அந்த வேகத்தில்தான். இடையில் கியர் பாக்ஸ் வேண்டாம், ஷாஃப்ட்டை நேராகப் பூட்டிவிடலாம். பின்னால் போக வேண்டுமானால் இன்ஜினை நிறுத்தி, 30 பார் அழுத்தக் காற்றால் எதிர்த்திசையில் கிளப்புவோம். அதனால்தான் இப்படிப்பட்ட இன்ஜினுக்குக் காற்றுப் பாட்டில்களை நிரப்பாமலே 12 முறை ஸ்டார்ட் செய்யும் அளவு காற்று இருக்க வேண்டும் என்று விதி. திசை மாறாத இன்ஜினுக்கு 6 முறை போதும். 500, 700 சுற்றில் ஓடும் 4 ஸ்ட்ரோக்கைப் புரொப்பெல்லரோடு சேர்க்க கியர் பாக்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் தயாரித்து மோட்டாரால் சுற்ற வேண்டும். இரண்டிலும் கொஞ்சம் சக்தி வழியிலேயே போய்விடும்.

மெதுவாகச் சுற்றுவதால் பிஸ்டனும் மெதுவாகப் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. 2006-இல் வந்த எம்மா மேர்ஸ்க் கப்பலின் ஆர்டி-ஃப்ளெக்ஸ் 96சி இன்ஜினில் பிஸ்டன் ஓட்டத்தின் நீளம் 2.5 மீட்டர், நிமிடத்துக்கு 102 சுற்று. கணக்குப் போட்டால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 8.5 மீட்டர். 58 சென்டிமீட்டர் ஓட்டத்தோடு 500 சுற்றில் ஓடும் வார்ட்சிலா 46 என்ற 4 ஸ்ட்ரோக்குக்கு 9.7 மீட்டர். பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் நேரத்தில்தான். முன்னதற்கு ஒரு சுற்றுக்கு 0.6 நொடி, பின்னதற்கு 0.12 நொடி. கெட்டியான எண்ணெய் நிதானமாக எரிந்து முடிய அந்த 0.6 நொடி பெரிய வரம். அதே நேரம்தான் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுப்புகை கூடுதலாக உருவாகவும் இடம் கொடுக்கிறது.

எண்ணெய்க் கணக்கு இது: பெரிய 2 ஸ்ட்ரோக்குக்கு ஒரு கிலோவாட் மணிக்கு 165-170 கிராம், நடுத்தர வேக 4 ஸ்ட்ரோக்குக்கு 175-190. பத்து கிராம் வித்தியாசம் என்றே வையுங்கள். 10,000 கிலோவாட்டில் ஓடும் கப்பலுக்கு ஒரு நாளில் 2.4 டன். சரக்குக் கப்பல் முதலாளிகள் 2 ஸ்ட்ரோக்கை விடாததற்கு இந்த ஒரு வரிக் கணக்கே போதும்.

பேரிங் சொல்லும் கதை

இதைப் பாடப் புத்தகத்தில் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். 2 ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே வரும் ஒவ்வொரு முறையும் வெடிப்பு உண்டு. அதனால் சுமை எப்போதும் கீழ்நோக்கியே இருக்கும். கிராஸ்ஹெட் பேரிங் முழுதாகச் சுற்றாமல் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டும் இருக்கும். சுமை விலகாத இடத்தில் ஆயில் எப்படி உள்ளே நுழையும்? அதற்காகத்தான் கிராஸ்ஹெட் பின்னைத் தடிமனாக்கினார்கள், சில இன்ஜின்களில் கிராஸ்ஹெட்டுக்கென்றே கூடுதல் அழுத்தத்தில் ஆயில் தருகிறார்கள்.

4 ஸ்ட்ரோக்கில் இரண்டாவது சுற்றில் பிஸ்டன் மேலே வரும்போது தடுக்கிற அழுத்தம் அவ்வளவாக இல்லை. பிஸ்டன் மேலேயே பறந்துவிடப் பார்க்கும், கனெக்டிங் ராட் போல்ட்டுகள்தான் பிடித்து இழுக்கும். சுமை மாறுவதால் பேரிங்குக்கு ஆயில் நன்றாகக் கிடைக்கிறது. ஆனால் போல்ட் ஒவ்வொரு முறையும் இழுபடுகிறது. குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும், பார்க்கப் புதிது மாதிரி இருந்தாலும், அந்த போல்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் கனெக்டிங் ராட் கிராங்க் கேஸைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

யாருக்கு எது

1912-இல் கடலோடிய செலாண்டியா, பெருங்கடல் டீசல் கப்பல்களில் முன்னோடி. அதில் இருந்தவை 4 ஸ்ட்ரோக் இன்ஜின்கள். ஆக 2 ஸ்ட்ரோக்தான் பழசு என்பது வரலாற்றின்படியும் பொருந்தாது. இன்றைக்கு ஒரே இன்ஜின், ஒரே புரொப்பெல்லர், நாள்கணக்கில் ஒரே வேகம் என்று ஓடுகிற கன்டெய்னர் கப்பலுக்கும் டேங்கருக்கும் என் ஓட்டு தயங்காமல் 2 ஸ்ட்ரோக்குக்குத்தான்.

ஆனால் உயரம் வேண்டும். அந்த 96சி இன்ஜின் 13.5 மீட்டர், நம் ஊர் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் மாதிரி நிற்கும். பிஸ்டனை ராடோடு மேலே உருவ அதற்கும் மேல் கிரேன் வேண்டும். மேலே கார்களை ஏற்றுகிற ஃபெரியில் அதற்கு எங்கே இடம்? குயின் மேரி 2 பயணிகள் கப்பலில் 16 சிலிண்டர் வார்ட்சிலா 46 நான்கு இருக்கின்றன, மின்சாரம் தயாரிக்க. தேவைக்கேற்ப ஒன்றையோ இரண்டையோ நிறுத்திவிடலாம், ஒன்று பழுதானாலும் கப்பல் நிற்காது. அந்த வேலைக்கு 4 ஸ்ட்ரோக்தான் சரி.

டீசல் இன்ஜின் மாட்டி முடித்து கார்டு விசில் ஊதிய பிறகு, "நான் கப்பலுக்குப் போனா முதல்ல எதுல கை வைப்பேன் மாமா?" என்று கேட்டான். ஜெனரேட்டரில்தான் வைப்பாய் என்றேன். மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜைக் கையில் கொடுத்து டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி, பார்க்கச் சொல்வார்கள். பிஸ்டன் மேலே நிற்கிறது என்று உடனே கேஜை நுழைத்துவிடாதே, 4 ஸ்ட்ரோக்கில் மேலே நிற்கிற இடம் இரண்டு உண்டு. வால்வுகளைத் திறக்க வைக்கிற இரண்டு புஷ் ராடுகளையும் விரலால் உருட்டிப் பார். இரண்டும் லேசாகச் சுழன்றால் அதுதான் சரியான இடம். ஒன்று இறுக்கமாக இருந்தாலும் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வந்து பார்.