மசாஜ் மேசைக்கு வெளியே வருமானம்: ஒரு சிறு ஸ்பாவின் பதினோரு ஆண்டு அனுபவம்

கோயம்புத்தூர் சாய்பாபா காலனியில் பெண்களுக்கு மட்டுமான சிறிய ஸ்பா ஒன்றை 2014 முதல் நடத்தி வருகிறேன். மூன்று அறைகள், ஒரு நீராவிப் பெட்டி, நெற்றியில் எண்ணெயைத் தாரையாக ஊற்றும் ஷிரோதாராவுக்கு ஒரு துரோணி, அதாவது மரக் கட்டில். என்னோடு வேலை செய்யும் நான்கு பேரில் இருவர் பாலக்காட்டுப் பக்கம் மூலிகைப் பொட்டலத்தால் ஒத்தடம் தரும் கிழியும், தைலம் தேய்ப்பதும் கற்றுக்கொண்டு வந்தவர்கள். ‘ஸ்பா’ என்ற சொல்லைக் கேட்டதுமே வாடகைக்கு வீடு தர மறுத்தவர்கள் பலர். அந்தச் சந்தேகத்தைக் கடந்து நல்ல பெயர் எடுக்கவே இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதல் மூன்று ஆண்டுகள் மசாஜ் மேசை மட்டுமே வருமானம். 2017 மழைக்காலத்தில் ஒரு மாலை, எங்களிடம் வேலை செய்யும் அக்காக்களில் மூத்தவர் வலது கட்டைவிரலை வெந்நீரில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். விரலின் அடிமூட்டு வீங்கிச் சிவந்திருந்தது. அன்று அவர் செய்து முடித்திருந்தது ஐந்தாவது மசாஜ். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால் ஆறாவது ஆள் வரவேற்பறையில் காத்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டேன்.

நாங்கள் விற்பது கைகளின் நேரத்தை. ஒருவர் ஒரு நாளில் நான்கு முழு உடல் மசாஜ் நன்றாகச் செய்யலாம். அதற்கு மேல் போனால் வாடிக்கையாளருக்கும் நிறைவில்லை, செய்பவருக்கும் உடம்பு கெடும். அதனால் அன்றிலிருந்து எந்தப் புது வழியைத் தொடங்கினாலும் ஒன்றை மட்டும் முதலில் பார்ப்பேன்: அது அக்காக்களின் கை நேரத்தை எந்த மணியில், எவ்வளவு எடுத்துக்கொள்ளும்?

முதலில் தொடங்கியது முன்பண அட்டை. எட்டு முறைக்குப் பணம் கட்டினால் பத்து முறை வரலாம். ஒரே மாதத்தில் கையில் பணம் நிறைந்தது. அந்தப் பணத்தில் இரண்டு அறைகளுக்கு ஏ.சி. மாட்டினேன். அதுதான் தவறு. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது, பலருடைய அட்டைகளில் பாதிக்கு மேல் மீதம் இருந்தது. தொட்டுச் செய்யும் தொழில் என்பதால் எங்களிடம் ஆட்கள் திரும்பி வரவும் நாளாயிற்று. அட்டை வைத்திருந்த ஒவ்வொருவரையும் நானே அழைத்து, எப்போது வந்தாலும் செல்லும் என்று சொன்னேன். கடைசி அட்டை 2022இல்தான் தீர்ந்தது. அந்த மாதங்களில் அக்காக்கள் நாள் முழுவதும் உழைத்தார்கள், கல்லாவில் ஒன்றும் விழவில்லை. அட்டைப் பணம் என்பது வாடிக்கையாளர் நமக்குத் தந்த கடன். இன்று அதற்குத் தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு முறை வந்து போனால் ஒரு முறைக்கான தொகையை மட்டும் அதிலிருந்து எடுக்கிறேன். சேவைக்கு முன்பணம் வாங்கினால், வாங்கிய மாதக் கணக்கிலேயே அதற்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்பதையும் அட்டை போட நினைப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

பாதி விலைக் கூப்பன் விற்கும் இணையதளம் ஒன்றிலும் நான்கு மாதம் சேர்ந்தேன். கூட்டம் வந்தது, அக்காக்கள் களைத்தார்கள், வந்தவர்கள் அடுத்த கூப்பன் கிடைத்த இடத்துக்குப் போய்விட்டார்கள்.

எண்ணெய் விற்பனை நாங்கள் தேடிப் போகாமல் வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்ட ஒரு பெரியம்மா, “அம்மணி, இந்த எண்ணெயில் ஒரு பாட்டில் ஊற்றிக் கொடு” என்றார். காங்கேயத்துத் தேங்காயெண்ணெயில் கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்தி, வெந்தயம் சேர்த்து ஞாயிறுதோறும் நாங்களே காய்ச்சி வந்தோம். சலசலப்பு அடங்கியதும் ஒரு திரியை நனைத்துக் கொளுத்திப் பார்ப்பார் மூத்த அக்கா. படபடவென்று வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அமைதியாக எரிந்தால் பதம் சரி. அடியில் தங்கும் கசண்டை இரு விரலால் உருட்டினால் மெழுகு போலத் திரள வேண்டும். இந்தப் பதம் தவறினால் எண்ணெய் ஒரே மாதத்தில் காறிவிடும்.

ஓராண்டு இப்படியே விற்றோம். மருந்துக்கடை நடத்தும் ஒரு வாடிக்கையாளர்தான் என்னைத் தனியே அழைத்து, இது சட்டப்படி சரியில்லை என்று சொன்னார். விற்பனைக்காக அழகுசாதனப் பொருள் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். பாட்டிலில் தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், உரிம எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். ‘முடி உதிர்வைக் குணமாக்கும்’ என்று அச்சடித்தாலோ அது மருந்தாகவே கருதப்படும். அன்றே விற்பனையை நிறுத்தினேன். இப்போது உரிமம் பெற்ற ஒரு தயாரிப்பாளர் எங்கள் கலவைப்படி செய்து, முறையான லேபிள் ஒட்டித் தருகிறார். லாபம் குறைந்தது, நிம்மதி வந்தது. மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்து வெள்ளையாகும்போது, கெட்டுப்போனதா என்று கேட்டு அழைப்புகள் வரும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவது இயல்பு, வெந்நீரில் பாட்டிலை வைத்தால் போதும் என்று ஒரு சிறு சீட்டைக் கட்டி விடுகிறோம். கை நேரம் துளியும் கேட்காத வருமானம் இது ஒன்றுதான். ஆனால் மசாஜுக்கு வருகிறவர்களே வாங்குகிறார்கள். கூட்டம் குறைந்தால் இதுவும் குறையும்.

எங்களைத் தாங்கி நிறுத்தியது பேறுகாலப் பராமரிப்பு. பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது நம் வீடுகளில் பாட்டிமார் செய்த வேலை. இன்று பாட்டிக்கு முட்டிவலி, அம்மா வேலைக்குப் போகிறார், முறை தெரிந்தவர்கள் தெருவில் இல்லை. 2018இல் ஒரு வாடிக்கையாளரின் மகளுக்காகத் தொடங்கினோம். 14, 21, 28 நாள் என்று மூன்று வகை. காலை ஏழு மணிக்கு அக்கா அந்த வீட்டில் இருப்பார். தாய்க்குத் தான்வந்தரம் தைலம் இளஞ்சூட்டில் தேய்த்து, வெந்நீர்க் குளியல். பிறகு குழந்தை. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்களின் மேல் குப்புறப் படுக்கவைத்து, உள்ளங்கையால் மட்டும் எண்ணெய் தடவி, முகத்தில் நீர் வழியாமல் நெற்றியில் கையை அணைகட்டி ஊற்றுவதைப் பார்க்க வேண்டும். அழுதுகொண்டிருந்த குழந்தை துணியில் சுற்றும்போதே தூங்கிவிடும். பத்து மணிக்கு அக்கா ஸ்பாவுக்குத் திரும்பிவிடுவார். எங்கள் வாடிக்கையாளர்கள் வருவது பதினொன்றுக்கு மேல்தான். காலியாகக் கிடந்த காலை நேரம் அப்படியே வருமானமாயிற்று. அதற்கு ஈடாக, வீட்டுக்குப் போகும் அக்காவுக்கு ஸ்பாவில் இரண்டு மசாஜ்களுக்கு மேல் தருவதில்லை.

இதில் நான் விட்டுக்கொடுக்காத விதிகள் சில உண்டு. சிசேரியன் என்றால் காயம் ஆறி, மருத்துவர் சரி என்று எழுதித் தந்த பிறகே தொடங்குவோம். குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட மாட்டோம். நேராகச் சாம்பிராணிப் புகை காட்டவும் மாட்டோம். குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்று சொல்வதை நாங்கள் செய்வதில்லை. சில பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள். “நான் ஆறு பிள்ளையை அப்படித்தான் வளர்த்தேன்” என்பார்கள். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலைதுவட்டும் வேலையைப் பாட்டியிடமே கொடுத்துவிடுவார். இரண்டாம் வாரத்தில் இருவரும் சேர்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். கட்டணத்தில் பாதி முதல் நாள், மீதி நடுவில். போக்குவரத்துச் செலவு தனி. அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நானே முதலில் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அக்காவை அனுப்புகிறேன்.

மணப்பெண் அலங்காரமும் நலங்குத் தொகுப்பும் தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் நன்றாகப் போகும். ஆடியிலும் மார்கழியிலும் ஒரு அழைப்பும் இருக்காது. குழந்தை ஆடி, மார்கழி பார்த்துப் பிறப்பதில்லை. அதனால் மணப்பெண் வருமானத்தை வாடகைக்கு நம்ப வேண்டாம், போனஸுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நிறுவனங்களில் போய் நாற்காலி மசாஜ் செய்வதை 2023இல் தொடங்கினோம். பெண் ஊழியர்களுக்கு மட்டும், ஆளுக்குப் பதினைந்து நிமிடம், உடையோடு கழுத்தும் தோளும். வேலை எளிது, மரியாதையும் உண்டு. பணம்தான் வராது. ஒரு நிறுவனத்திடமிருந்து ஐந்து மாதம் வரவில்லை. பிறகு, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்தேன். குறு, சிறு நிறுவனங்களுக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். எங்களைப் போன்ற சேவை தருபவர்களுக்கு அந்தக் கெடுவுக்குள் தராவிட்டால், உண்மையில் பணம் தரும் ஆண்டு வரை அந்தச் செலவை வருமானவரிக் கணக்கில் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. உத்யம் எண்ணைப் பில்லின் தலைப்பிலேயே அச்சிட்ட பிறகு, கணக்குப் பிரிவுகள் என் அழைப்பை எடுக்கின்றன.

பயிற்சி வகுப்பு வருமானத்தில் சிறியது. ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கற்றுக்கொண்ட பெண்கள் சொந்தமாகத் தொடங்கிவிடுவார்களே என்று பலர் எச்சரித்தார்கள். தொடங்கத்தான் செய்தார்கள். அவர்களில் இருவர், எங்களால் போக முடியாத பேறுகால வீடுகளை இன்று எடுத்துக்கொள்கிறார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் எங்கள் சேவைக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது என்பதால் வாடகை, துண்டு, கருவிகளுக்குக் கட்டும் வரி எங்கள் செலவிலேயே நிற்கிறது. புது நீராவிப் பெட்டி வாங்கும் திட்டத்தை அதனால் தள்ளிவைத்திருக்கிறேன்.

மூத்த அக்கா 2022க்குப் பிறகு மசாஜ் செய்வதில்லை. கட்டைவிரலை அழுத்தக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குழந்தையைக் குளிப்பாட்ட அழுத்தம் வேண்டாமே. இந்த வாரம் அவருக்குக் கவுண்டம்பாளையத்தில் ஒரு வீடு, வடவள்ளியில் ஒரு வீடு. வடவள்ளியில் இரட்டைக் குழந்தைகள் என்பதால் இன்னொருவரையும் உடன் அனுப்புகிறேன். இரட்டைக்குக் கட்டணம் எப்படி வைப்பது என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். முதல் வாரம் முடியட்டும், சொல்கிறேன் என்றிருக்கிறார்.