முன்னால் இரண்டு சக்கரம் வைத்த பழைய ஸ்கூட்டர் வாங்கப் போகிறீர்களா? காரைக்குடிப் பக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் சாய்ந்து திரும்பும் மூன்று சக்கர ஸ்கூட்டர் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு சரளை கிடக்கும் ரோட்டோரத்தில் காலூன்றி வண்டியைத் தாங்க முடியவில்லை. பின்னால் இருபுறமும் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை ஓட்டிப் பார்த்தேன். அது சாயாது, வளைவில் ஆளை வெளிப்பக்கம் தள்ளுகிறது. அதனால்தான் பியாஜியோ எம்பி3 (2006), யமஹா ட்ரைசிட்டி (2014) மாதிரி வண்டி தேடினேன். முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும், திரும்பும்போது சேர்ந்து சாயும். மணலில் ஒன்று வழுக்கினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். நம் ஊர் ஷோரூம்களில் இவை கிடைக்காது. ஏமாற்றுகிறவர்களுக்கு அதுவே வசதியாகிவிட்டது.

ஒரு பழைய வண்டி வியாபாரி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். “வெளிநாட்டு வண்டிண்ணே, பெரிய வீட்டு முகப்புலயே நின்னது, ஓடவே இல்ல” என்றார். ஆர்சி புக் பிறகு வரும் என்று சொல்லி 70,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஓட்டிய முதல் வாரத்திலேயே ஹேண்டில் இடப்பக்கம் இழுத்தது. செக்காலைப் பக்கம் ஒரு மெக்கானிக் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இடது சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். டொக் டொக் என்று சத்தம். டயரின் உள்விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஹேண்டில் கழுத்துக்குக் கீழே பெயிண்டைச் சுரண்டினார். வெல்டிங் தெரிந்தது, அதன் ஓரத்தில் முடி போல ஒரு விரிசல். “அண்ணே, இது கம்பெனி வேலை இல்ல. சாதா ஸ்கூட்டரை அறுத்துப் பட்டறையில ஒட்டியிருக்காங்க. இதுல ஏறாதீங்க” என்றார். பைபாஸில் அந்தக் கழுத்து முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

கேட்டுக் கேட்டு ஆர்சி வந்தது. அதில் இருந்தது சாதாரண இருசக்கர வண்டி. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு. பெயர் மாற்ற வழியில்லை, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணமும் கிடைப்பது சந்தேகம். வியாபாரியோ “பாத்துத்தானே வாங்குனீங்க” என்று போனை வைத்துவிட்டார்.

நீங்கள் வாங்கப் போனால் சேஸிஸ் நம்பரை வண்டியிலேயே பார்த்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். எம்பரிவாஹன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் அது எந்த வகை என்று தெரியும். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், மூன்று சக்கரம் இருப்பதால் தானாக நிற்கும் என்று நம்பிவிட வேண்டாம். எம்பி3-இல் சாய்வைப் பூட்டும் வசதி உண்டு, 2014-இல் வந்த ட்ரைசிட்டியில் கிடையாது. பூட்டு இருந்தால் பலமுறை போட்டு எடுத்துப் பாருங்கள். வண்டியை இரு பக்கமும் சாய்த்துப் பார்க்கும்போது ஒரு பக்கம் மட்டும் இறுகினாலே வேண்டாம்.

வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, வெல்டிங் படம் எல்லாவற்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அதே கடை வாசலில் இதே மாதிரி ஒட்டிய சிவப்பு வண்டி ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. முன் மட்கார்டு இரண்டும் வேறு வேறு அளவில் இருக்கும், பார்த்தாலே தெரியும்.