‘எச்ஓ’ அளவா, ‘என்’ அளவா?

மாதிரி ரயில்களின் விலை ஏறிவருவதால், உண்மை ரயிலில் 87-இல் ஒரு பங்கான (1:87) ‘எச்ஓ’ அளவா, 160-இல் ஒரு பங்கான (1:160) ‘என்’ அளவா என்று பலர் தயங்குகின்றனர்.

விலை: ‘என்’ எஞ்சின் நீளத்தில் ஏறத்தாழப் பாதியே என்றாலும் விலை பாதியாவதில்லை, ஏனெனில் பணத்தைத் தின்பது பிளாஸ்டிக் அன்று, வார்ப்பு அச்சு தயாரிப்பும் நுணுக்கமான கைவேலையுமே. ‘எச்ஓ’விலோ பழைய எஞ்சின்கள் ஏராளமாகக் கைமாறுவதால், பொறுமையுள்ளவர் கணிசமாக மிச்சப்படுத்தலாம்.

இடம்: அதே நிலையக் காட்சிக்கு ‘எச்ஓ’ கேட்கும் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ‘என்’ அளவுக்குப் போதும்.

பராமரிப்பு: 9 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் எடை குறைந்த ‘என்’ எஞ்சின், சிறு தூசியிலும் மின்தொடர்பு இழந்து நின்றுவிடக்கூடும், 16.5 மில்லிமீட்டர் ‘எச்ஓ’ அதைப் பெரும்பாலும் தாங்கும், பிரித்துப் பழுதுபார்க்கவும் எளிது.

சிறிய அறையில் நீண்ட ரயிலைக் காண விரும்புவோருக்கு ‘என்’ பொருந்தும். ஓரிரு எஞ்சின்களைத் தாமே சீர்செய்து நெடுங்காலம் வைத்திருக்க எண்ணுவோரும், பார்வை மங்கிய முதியோரும் ‘எச்ஓ’வையே வாங்கலாம்.