ஆறு வருஷமாகக் கல்வீட்டில்: ஒரு சுவர் இன்னும் காயவில்லை

பக்கத்துப் பள்ளத்தாக்கில் இதே மாதிரி ஒரு பழைய பண்ணைவீடு விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். போன வாரம்தான் கொத்தனாருக்குக் கடைசித் தவணை கொடுத்தேன். அந்தக் கடுப்போடு எழுதுவது, கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எங்களுடையது வேல்ஸில் பிரெக்கன் மலைப்பக்கம். மனுஷரும் மாடும் ஒரே கூரைக்குள் இருந்த நீள்வீடு; வெல்ஷில் 'டீ ஹிர்'. மேட்டில் ஆட்கள், பள்ளத்தில் மாடு, நடுவே குறுக்கு நடை. கோமியம் கீழே ஓடிவிடட்டும் என்று சரிவோடு சரிவாகக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தொழுவம்தான் இன்று எங்கள் சமையலறை. வெங்காயம் கை தவறினால் பின்வாசலில் போய்த்தான் பொறுக்க வேண்டும்.

சுவர் இரண்டரை அடி கனம். உள்ளே ஒரு வரிசை மணற்கல், வெளியே ஒரு வரிசை, நடுவில் மண்ணும் உடைகல்லும். பிடித்து நிறுத்துவது சுண்ணாம்புக் காரை. மழையில் நனைந்தாலும் காற்றடித்தால் காரை வழியே ஈரம் போய்விடும். இது தெரியாத முந்தைய மகராசன் ஒருவர், வெளிப்பக்க இடுக்கெல்லாம் சிமெண்ட் பாயிண்டிங் செய்துவைத்தார். சிமெண்டில் மயிரிழை வெடிப்பு விழும். தண்ணீர் நுழையும், திரும்பிப் போக வழியில்லாமல் வீட்டுக்குள் வரும். மேற்குச் சுவர் முழுக்க ஓதம். பீரோவை நகர்த்தினால் பின்னால் பூஞ்சை. மூன்று கோட்டு பாழ். ஈரம் உறிஞ்சும் மெஷின் ராப்பகலாக ஓடியதில் கரண்ட் பில்தான் ஏறியது.

சரி, சிமெண்டைக் கொத்தி எடுக்கலாம். மெஷினால் வெட்டினால் கல்லின் ஓரம் போய்விடும், உளியும் சுத்தியலும்தான். புதுச் சுண்ணாம்பு பனி பட்டால் உதிரும். 5 டிகிரிக்குக் கீழே வேலை நடக்காது. வெயிலடித்தாலோ ஈரச் சாக்கு போர்த்திக் காக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் அனுமதியில்லாமல் கைவைத்தால் குற்றம். இப்படியே இரண்டு கோடை போயிற்று.

நல்லதும் சொல்லணும். சன்னல் திண்டில் இரண்டு பேர் எதிரெதிரே காலை மடக்கி உட்கார்ந்து டீ குடிக்கலாம். கணப்படுப்பின் மேல் உத்தரத்தில் கண்ணீர்த்துளி வடிவில் ஏழெட்டுக் கருகல்; திரியைப் பிடித்து வேண்டுமென்றே சுட்டவை. தீயும் தீவினையும் அண்டாதிருக்க என்கிறார்கள். நம்மூர்த் திருஷ்டிதான். விரல் வைத்தால் சரியாகப் பொருந்தும். விருந்தாளி யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

ஆசை மட்டும்தான் என்றால் கார்டிஃப் பக்கம் செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ரயாடர் பக்கத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து நிறுத்திய கிலேவென்ட் நீள்வீடு இருக்கிறது, 1734-இல் கல்லால் திருப்பிக் கட்டியது. ஆசை தீரப் பார்த்துவிட்டு, ராத்திரி காய்ந்த வீட்டில் படுக்கலாம்.

ஆகவே, வாங்காதீர்கள். அந்த விளம்பரப் படத்தை நானும் பெரிதாக்கிப் பார்த்தேன்; மேற்குச் சுவரில் பளபளவென்று சிமெண்ட். விலை இன்னும் இறங்கும். இறங்கினால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.