ஐம்பது லட்சத்து ஹைபிரிட்: குமரி மாவட்ட ரோட்டில் எது தேறும்?

பின்னால் ஒட்டியிருக்கும் ‘ஹைபிரிட்’ எழுத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். பென்ஸ் சி-கிளாஸ், வால்வோ எக்ஸ்சி90, 2025-ல் வந்த ஃபார்ச்சூனர் நியோ டிரைவ் எல்லாமே 48 வோல்ட் மைல்டு ஹைபிரிட். சி-கிளாஸில் அந்த மோட்டார் தருவது இருபது குதிரைத்திறன் சொச்சம்தான். இன்ஜினை அதிராமல் ஸ்டார்ட் செய்யும், கிளம்பும்போது லேசாகத் தள்ளிவிடும். காரைத் தனியாக இழுக்காது. நல்ல கார்கள்தான், ஆனால் மைலேஜுக்காக வாங்குகிறவர் ஏமாந்துபோவார்.

உண்மையான ஹைபிரிட் வேண்டுமென்றால் டொயோட்டா கேம்ரி, வெல்ஃபயர், லெக்சஸ் இஎஸ் 300எச், என்எக்ஸ் 350எச் பக்கம் போக வேண்டும். நான்கிலும் 2.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், பிளானட்டரி கியர் (நடுப் பற்சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பற்சக்கரங்கள் ஓடும் அமைப்பு) வழியாக இணைந்த இரண்டு மோட்டார்கள். தனி ஸ்டார்ட்டர் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, தேய்கிற கிளட்ச் இல்லை. நம்மூர் மெக்கானிக் வழக்கமாகக் கழற்றும் பாதி சாமான் இதில் கிடையாது.

இனி ரோடு. களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை, வில்லுக்குறி, பார்வதிபுரம் என்று நெரிசல் தொடர்ந்துகொண்டே இருக்கும். பஸ் நிற்கும், நாமும் நிற்போம். ஆட்டோ குறுக்கே வரும், பிரேக் பிடிப்போம். ஹைபிரிட்டுக்கு இதைவிடத் தோதான ரோடு இல்லை. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பேட்டரி ஏறும், அடுத்த நகர்வு கரண்டில். ஏசி கம்ப்ரசரும் கரண்டில் ஓடுவதால், வடசேரி சிக்னலில் இன்ஜின் நின்றாலும் குளிர் குறையாது.

அதே காரை ஆரல்வாய்மொழி தாண்டி நான்குவழிச் சாலையில் 110-ல் விட்டால் கதை வேறு. சீரான வேகத்தில் மோட்டாருக்கு வேலை குறைவு, பெரும்பாலும் இன்ஜின்தான் இழுக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று, திருநெல்வேலி போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் அறையும். ஒரு வழி மைலேஜை மட்டும் பார்த்துப் பெருமைப்படுவதிலோ புலம்புவதிலோ அர்த்தமில்லை. போக வர இரண்டும் சேர்த்து, டேங்க்-டு-டேங்க் கணக்கு போடுங்கள்: டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்ப்பது.

பணக் கணக்குக்கு நேர்மையான ஒப்பீடு இன்னோவா ஹைகிராஸ். ஒரே உடம்பு, இரண்டு விதம். கம்பெனி சொல்லும் மைலேஜ் பெட்ரோலுக்கு 16.13, ஹைபிரிட்டுக்கு 23.24. வருஷம் 15,000 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மிச்சம் சுமார் 285 லிட்டர், 28,500 ரூபாய். ஊருக்குள்ளேயே ஓடினால் இன்னும் கூடும். ஐம்பது லட்சம் போடுகிறவருக்கு இது பெரிய தொகை இல்லை. ஆகவே இந்த விலையில் ஹைபிரிட் வாங்கக் காரணம் மிச்சம் அல்ல. சத்தமில்லாமல், உதறாமல் ஊர்ந்து போகிற சுகம்.

வரிச் சலுகையும் கரைந்துவிட்டது. முன்பு பெரிய ஹைபிரிட்டுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸுமாக 43 சதவீதம், பெட்ரோல் டீசல் எஸ்யுவிக்கு 50. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த இரண்டுக்கும் ஒரே 40. மின்சாரக் காருக்கு மட்டும் 5. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேலான காருக்கு வாழ்நாள் சாலை வரி 20 சதவீதம், ஹைபிரிட் என்பதற்காகக் குறைவதில்லை. 2024 டிசம்பரில் கேம்ரி வந்த விலையான 48 லட்சத்துக்குப் போட்டால் வரி மட்டும் 9.6 லட்சம்.

பாலமோர், மாறாமலைப் பக்கம் ஏறும்போது இன்ஜின் ஒரே சுருதியில் உறுமும், வேகம் மெதுவாகத்தான் கூடும். இ-சிவிடியின் (படிப்படியாக மாறும் கியர் இல்லாத கியர்பாக்ஸ்) குணம் அது, கோளாறு இல்லை. இறக்கத்தில் கியரை ‘பி’-க்குத் தள்ளுங்கள், சில மாடல்களில் அதற்குப் பதில் ‘எஸ்’ இருக்கும். பார்க்கிங் ‘பி’ (P) அல்ல, டி-க்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக் ‘பி’ (B). நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிறைந்துவிட்டால் இன்ஜின் பெட்ரோல் குடிக்காமலே வேகமாகச் சுற்றி வண்டியைப் பிடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து ஓரங்கட்டுகிறவர்கள் உண்டு. தேவையில்லை.

கடற்கரைக்காரர்களுக்கு ஒரு தனிப் பாடம். மோட்டாரே பாதி பிரேக் வேலையைச் செய்வதால் பேடு வெகுநாள் வரும், ஆனால் டிஸ்க் தேயாமல் துருப்பிடிக்கும். குளச்சல், முட்டம் உப்புக் காற்றில் நிற்கும் காரில் சக்கரத்தின் இடுக்கு வழியே பாருங்கள்: டிஸ்க் விளிம்பில் செம்பழுப்பு வளையம், காலையில் முதல் பிரேக்கில் ஒரு கரகரப்பு. காலி ரோட்டில், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 60-லிருந்து நாலைந்து முறை அழுத்திப் பிடித்தால் மேல்துரு போகும். சர்வீஸில் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் பின்னைக் கழற்றி கிரீஸ் போடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள். பின்சக்கரத்துக்கும் மோட்டார் உள்ள ஏடபிள்யூடி மாடல்களில் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிள் வண்டிக்கு அடியில் பின்னால்வரை போகும். கனடாவில் பனிக்கு ரோட்டில் போடும் உப்பு, ராவ்4 ஹைபிரிட்டில் அந்தக் கேபிளின் கனெக்டரை அரித்து, டொயோட்டா வாரண்டியை நீட்டிக்க வேண்டிவந்தது. நம் உப்பு காற்றில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வருஷம் ஒருமுறை லிஃப்டில் ஏற்றி அந்த முனையைப் பார்ப்பது நல்லது.

கல்ஃபில் வேலை, கார் வீட்டில் என்பவர்கள்தான் ஹைபிரிட்டை அதிகம் வாங்கி அதிகம் திட்டுகிறவர்கள். காரை நிறுத்தியே வைத்தால் முதலில் சாவது பெரிய பேட்டரி இல்லை, சாதாரண 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கினால், கார் கிளம்பத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கே வராது. எட்டாம் தலைமுறை கேம்ரியில் அது டிக்கிக்குள் இருக்கிறது. கரண்ட் இல்லாமல் டிக்கி திறக்காது. கதவை ஸ்மார்ட் கீக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் திறந்து, பானெட்டுக்குள் ஃபியூஸ் பாக்ஸில் உள்ள ஜம்ப் முனையில் இணைக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவைக்க வேண்டியது: வாரம் ஒருமுறை ‘ரெடி’யில் போட்டு முக்கால் மணி நேரம், கியர் கண்டிப்பாக பார்க்கிங்கில். நியூட்ரலில் விட்டால் பெரிய பேட்டரி ஏறாது. பாட்டுக் கேட்க ஏசிசி-யில் (‘ரெடி’ வராமல் ரேடியோ மட்டும் ஓடும் நிலை) போடுவது நேர் எதிர் வேலை. முடிந்தால் தக்கலைவரை ஒரு ஓட்டம் விடுவதே மேல். தென்னந்தோப்பு வீடென்றால் பானெட்டுக்கு அடியில் எலி வலையும் போடுங்கள்.

கேம்ரி, இஎஸ் இரண்டிலும் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில். சீட்டின் கீழ் பக்கத்தில் இருக்கும் சின்னக் கிரில் அதன் மூச்சுக்குழல். அங்கே துணிப்பை, சாமான் வைத்து அடைத்தாலோ ஃபில்டரில் தூசியும் முடியும் சேர்ந்தாலோ பேட்டரி சூடாகி இழுவை குறையும். கேம்ரி இன்ஜினுக்கு 0டபிள்யூ-16 ஆயில்தான். கடையில் இருக்கிற 20டபிள்யூ-40-ஐ ஊற்றவிடாதீர்கள். பேட்டரி கரண்டை மோட்டாருக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் டப்பா உண்டு, அதன் அளவையும் பாருங்கள்.

பிஎம்டபிள்யூ எக்ஸ்எம் போன்ற பிளக்-இன் பற்றி ஒரே வரி: 25.7 கிலோவாட் மணி பேட்டரியைத் தினமும் சார்ஜ் செய்யாதவருக்கு அது 2.7 டன் எடையுள்ள வி8, வேறொன்றுமில்லை.

தீர்ப்பு என்று கேட்டால், தானே ஓட்டுகிறவருக்கு கேம்ரி. தாழ்வான வண்டி என்பதால் உள்ளூர் ஸ்பீடு பிரேக்கர்களில் அடிவயிறு தட்டும். அதற்குச் சம்மதமில்லாதவர் என்எக்ஸ் பார்க்கலாம். லெக்சஸுக்கு மாவட்டத்தில் சர்வீஸ் கிடையாது, வெளியூருக்குப் போகிற நாளையும் சேர்த்துத்தான் விலை. வெல்ஃபயர் ஏறத்தாழ 5 மீட்டர் நீளம். கோட்டார் கம்பளம் தெருவுக்குள் விட்டால் ஹைபிரிட்டும் உதவாது.

பழைய வண்டி பார்க்கிறவர்களுக்கு: டொயோட்டா ஹைபிரிட் பேட்டரிக்கு வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. 2021 ஆகஸ்டுக்கு முன் விற்ற வண்டிக்கு இது பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள், டீலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட்டை டீலர் வொர்க்‌ஷாப்பில் எடுத்துவிட்டு விலை பேசுங்கள். கேரளப் பதிவு வண்டி என்றால் என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு வரி இரண்டையும் விலையில் கழியுங்கள். பின் சீட்டைத் தூக்கி ஆரஞ்சுக் கேபிள் கிளிப்புகளில் சேறு காய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி, எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வேண்டாம்.